டோஸ்டருக்குப் பின்னால் இருந்த கோப்பை

அம்மாவின் உடலை எடுத்துச் செல்ல வந்த இருவரும் வாசற்படியிலேயே நின்றார்கள். காலை எட்டு மணி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி.

"உள்ள வாங்க. சூடெல்லாம் வெளிய போகுது," என்றேன்.

மூத்தவர் நகரவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்தபடி கேட்டார். "நீங்க இந்த வீட்ல குடியிருக்கிறவங்களா?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. எங்கள் ஊரில் அது என் அம்மாவின் கேள்வி.

"இல்ல. மகள்," என்றேன். அதுவே போதும் என்றார். அவர்கள் போன பிறகு வீடு பழைய சூட்டுக்கு வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. வீடுகளுக்குச் சூடு கணக்கிடுவது என் வேலை. வேறு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் பெயர் ஆர்டிஸ் நெல்வாக். வயது எழுபத்தொன்று. விஸ்கான்சினில், ஹார்லன் ஃபால்ஸ் நகராட்சியின் தண்ணீர்த் துறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் மீட்டர் அளவு எடுத்தார். எங்கள் பக்கம் மீட்டரை வெளியே வைத்தால் முதல் பனியிலேயே வெடித்துவிடும். அதனால் எல்லா மீட்டரும் வீட்டுக்கு அடியில், நிலவறையில் இருக்கும். அம்மா ஊரின் எல்லா நிலவறைகளையும் பார்த்தவர். எதைப் பற்றியும் பேசமாட்டார். அப்பா நான் ஏழாவது படிக்கும்போது அரிசோனாவுக்குப் போனார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னார். அதைப் பற்றியும் அம்மா பேசவில்லை.

1989இல் கட்லர் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். ஒருவர் திறந்து, உள்ளே வாருங்கள் என்றார். அம்மா நிலவறைக்கு இறங்கி அளவு எடுத்துவிட்டு மேலே வந்தபோது, வீட்டுக்கார அம்மாள் துண்டோடு குளியலறை வாசலில் நின்றிருந்தார். கதவைத் திறந்தவர் ஒரு வாரம் தங்க வந்த மைத்துனர். புகார் போனது. அம்மாவுக்கு மூன்று நாள் பணியிடை நீக்கம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் மூன்று தட்டு, இரண்டு அடி பின்னால், பெயர், துறை, பிறகு அந்தக் கேள்வி. இல்லை என்று பதில் வந்தால் உள்ளே போகமாட்டார். மழை பெய்தாலும் வீட்டுக்காரர் வரும்வரை படியிலேயே நிற்பார். மளிகைக் கடையில் பையன்கள் தள்ளுவண்டிக்குக் குறுக்கே நின்று, "ஆன்ட்டி, நீங்க இந்தக் கடைல குடியிருக்கிறவங்களா?" என்பார்கள். "உங்கப்பன் இருக்கானா? அவனக் கூப்பிடு," என்பார் அம்மா.

2003 நவம்பரில், எனக்குப் பத்தொன்பது வயதில், எனக்கு ஒரு அபராதச் சீட்டு வந்தது. அன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்குக் கால்பந்து ஆட்டம். என் கல்லூரியும் ஹார்லன் ஃபால்ஸில்தான்; அங்கே ஆட்ட நாள் என்றால் காலை எட்டுக்கே குடிக்க ஆரம்பிப்பார்கள். நான் டெல்லா என்ற தோழியோடு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சமையலறையில் பிராந்தியும் சோடாவும் கலந்த மஞ்சள் கோப்பையோடு நின்றிருந்தேன். டெல்லா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா வந்தார். ஒரு கையில் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சேர்த்துச் சுட்ட பாத்திரம். மறு கையில் பனி தள்ளும் மண்வெட்டி. எங்கள் படியில் பனி தள்ளியிருக்கமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். நான் கோப்பையை டோஸ்டருக்குப் பின்னால் வைத்தேன்.

அம்மா காலணியைக் கழற்றினார். கோட்டைக் கழற்றவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போடக் கரண்டியை எடுத்தபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்தில் நின்றவர் அவர்தான். அவரே திறந்தார்.

இளம் போலீஸ்காரர் ஒருவர். டிஷ்லர் என்று சட்டையில் பெயர். "பாட்டுச் சத்தம்னு புகார் வந்துருக்கு, மேடம்."

பாட்டு பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாசலில் விறைத்து நின்றவர். எங்கள் பக்கத்து மனிதர்கள் குளிரில் ஒருவரை வாசலில் நிறுத்திப் பேசமாட்டார்கள். வந்தவன் திருடனாக இருந்தாலும் முதலில் கதவைச் சாத்தச் சொல்வார்கள்.

"உள்ள வாங்க தம்பி. சூடெல்லாம் வெளிய போகுது," என்றார் அம்மா.

அவர் வந்தார். பனிக் காலணியோடு சமையலறை வரை வந்தார். மூக்கைச் சுருக்கினார். டோஸ்டரை நகர்த்தினார். கோப்பையை எடுத்து முகர்ந்தார்.

"இது யாரோடது?"

கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். "என்னோடது," என்றேன்.

"வயசு?"

அதையும் சொன்னேன்.

எங்கள் மாநிலத்தில் இருபத்தொன்று ஆகாதவர் குடிப்பது குற்றம். அவர் சீட்டு எழுதினார். அம்மா கையில் கரண்டியோடு தரையிலிருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபராதம் ஒரு பொருட்டில்லை. வாரக்கடைசி வேலையில் கட்டிவிடலாம். ஆனால் குற்றம் உறுதியானால் ஓட்டுநர் லைசென்ஸைத் தொண்ணூறு நாள் வரை நிறுத்திவைக்கலாம் என்று சீட்டின் பின்பக்கம் இருந்தது. ஜனவரி ஐந்தாம் தேதி முப்பத்தெட்டு மைல் தள்ளி ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் எனக்குப் பயிற்சி வேலை. எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர் கேட்ட இடம். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் என் படிப்பே ஓராண்டு பின்னால் போகும்.

சீட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவதில் குறியிட்டு அஞ்சலில் போட்டேன். பிறகு நூலகத்தில் மூன்று மதியங்கள் உட்கார்ந்தேன். நீதிபதியின் உத்தரவு இல்லாமல் போலீஸ் ஒரு வீட்டுக்குள் வர ஓர் அவசரம் வேண்டும், அல்லது அனுமதி வேண்டும். அனுமதியை அந்த வீட்டில் உரிமை உள்ளவர் தர வேண்டும். உள்ளே வரலாம் என்பது பொருளை நகர்த்தலாம் என்பதாகாது. தப்பாக நுழைந்து கண்டெடுத்ததை வழக்கில் காட்ட முடியாது. கட்டமும் அம்புமாக வரைபடம் போட்டேன். எல்லா அம்புகளும் ஒரே கட்டத்தில் போய் நின்றன: சரி என்று சொன்னது யார்?

அம்மாவிடம் காட்டினேன். "இது எங்க துறை குடுத்த விதி அட்டைல ஆறு வரில இருக்கு," என்றார்.

விசாரணைக்கு முன்பு நகராட்சி வக்கீல் எங்களைக் கூப்பிட்டார். பாவ்லிக் என்ற பெண்மணி. மேசையில் பாதி தின்ற ஆப்பிள். "இத முடிச்சிரலாம்," என்றார். எங்கள் மாநிலத்தில் தாயோ தகப்பனோ கூட இருந்தால் இருபத்தொன்று ஆகாத பிள்ளையும் குடிக்கலாம். வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். "நீங்க அங்கதான இருந்தீங்க, மிஸஸ் நெல்வாக்? உங்க பொண்ணு உங்க கண் முன்னாடி உங்க சம்மதத்தோட குடிச்சான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வழக்க வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எனக்குத் தெரியாதே," என்றார் அம்மா.

"ஒரு வரிதான்."

"கோப்பை டோஸ்டருக்குப் பின்னாடி இருந்துச்சு. சம்மதம் குடுத்தவகிட்ட இருந்து யாரும் ஒளிக்கமாட்டாங்க."

பாவ்லிக் ஆப்பிளை எடுத்துக் கடித்தார்.

காரில் நான் கெஞ்சினேன். "அம்மா, தெரியும்னு ஒரு வார்த்தை. என் வருஷமே போகப்போகுது."

"தெரியாதுடி."

"உனக்கு என் படிப்பு பெருசா, இது பெருசா?"

"ரெண்டும் பெருசு. பெல்ட்டப் போடு."

வீடு வரும்வரை நான் பேசவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

டிசம்பர் இரண்டு, பிற்பகல் நான்கு மணி. எங்கள் நகராட்சி நீதிமன்றம் தீயணைப்பு நிலையத்துக்கு மேல் மாடியில் இருந்தது. நீதிபதி கெம்ப்னர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். யாராவது பேசினால் அவர் பல்லைத்தான் பார்ப்பார். எனக்காக நானே வாதாடினேன்.

டிஷ்லர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். எதையும் மறைக்கவில்லை. உள்ளே அழைத்தார்கள், போனேன் என்றார்.

நான் எழுதி வைத்திருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். "டோஸ்டர நகர்த்த யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்ல. வாடை வந்துச்சு."

"எங்கம்மா அந்த வீட்ல இருக்கிறவங்களான்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கைல கரண்டி இருந்துச்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பாவ்லிக் எழுந்தார். "ஐயா, சமையல்கட்டுல கரண்டியோட ஒரு அம்மா கதவத் திறந்து உள்ள வாங்கன்னா, வீட்டுக்காரங்கன்னுதான் யாரும் நினைப்பாங்க. அவர் நல்ல எண்ணத்துல நம்பினார். நம்பினதுல நியாயம் இருக்கு."

"இருக்கே," என்றார் நீதிபதி, எழுதிக்கொண்டே.

நூலகத்தில் நானும் அதைப் படித்திருந்தேன். போலீஸ்காரர் நியாயமாகத் தவறினால் அந்தத் தவறு மன்னிக்கப்படும். என் வரைபடத்தில் அதற்கு எதிராக அம்பு இல்லை. ஜனவரி ஐந்து கைவிட்டுப் போனது என்று நினைத்தேன்.

அம்மாவைச் சாட்சிக்கு அழைத்தேன். தண்ணீர்த் துறைக் கோட்டோடு வந்து உட்கார்ந்தார். டிஷ்லர் எங்கள் கதவைத் தட்டிய அன்றும் இதே கோட்டுதான் போட்டிருந்தார். நான் முதல் கேள்வியைத் தொடங்குமுன் அவர் டிஷ்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, தொப்பி இல்லாமப் பாக்கும்போதுதான் தெரியுது," என்றார். "நீங்க லோகஸ்ட் தெரு 614ல இருந்தவர்தான? செருப்புப் போட்டுட்டு."

டிஷ்லர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அது எங்க அக்கா வீடு."

"அக்டோபர்ல."

"ஆமா, மேடம்."

பாவ்லிக் எழுந்து, சாட்சி கேள்வி கேட்கக் கூடாது என்றார். "எனக்குக் கேக்கணும் போல இருக்கு. உக்காருங்க," என்றார் நீதிபதி.

"நான் கதவத் தட்டினேன். நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் அம்மா.

"உள்ள வாங்கன்னு."

"வந்தேனா?"

"இல்ல. எங்கக்கா வர்ற வரைக்கும் படில நின்னீங்க. இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும். மழை."

"ஏன் நின்னேன்?"

டிஷ்லர் தொப்பியைத் திருப்பினார். "நான் அந்த வீட்ல குடியில்ல. வந்தவன் சொல்ற சரி, சரி ஆகாதுன்னீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதை இங்க சொல்லணுமா?"

"சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"கிறுக்கான்னு கேட்டேன்."

நீதிபதி பேனாவை வைத்தார். தன் வீட்டு வாசலிலேயே, குளியல் அங்கியோடு நின்றபோது, இந்த அம்மாள் தன்னையும் அதே கேள்வி கேட்டார் என்றும், அப்போது தானும் ஏதோ சொன்னதாக நினைவு என்றும் பதிவில் சேர்க்கச் சொன்னார். பிறகு டிஷ்லரிடம் திரும்பினார். "அந்தக் கேள்விய ஊர்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் நேர்லயே கேட்டாங்க. அதே கோட்டு வேற. ஒரு தடவ கேட்டிருக்கலாமே, தம்பி."

"கேட்டிருக்கலாம்," என்றார் டிஷ்லர்.

உள்ளே போனது செல்லாது என்றார் நீதிபதி. டோஸ்டரை நகர்த்தியது அதைவிடச் செல்லாது. கோப்பை கணக்கில் இல்லை. கோப்பையைக் காட்டிக் கேட்டு வாங்கிய என் பதிலும் கணக்கில் இல்லை. வேறு சாட்சியம் உண்டா என்றார். பாவ்லிக் இல்லை என்றார். தள்ளுபடி. நான்கு மணி முப்பத்தாறு நிமிடம்.

"வேற ஏதாவது சொல்லணுமா, ஆர்டிஸ்?" என்றார் நீதிபதி.

"அன்னிக்கு இவர் கால் துடைக்கல. அவ்ளோதான்."

கீழே கார் நிறுத்துமிடத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். சிறிது நேரம் அப்படியே நின்றார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்கு?"

"கோர்ட் விட்டுருச்சு. நான் விடல. முப்பது நாள்."

மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். ஜனவரி ஒன்றாம் தேதி முடியும். அவரும் கூட்டிப் பார்த்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. சாவியைக் கொடுத்தேன்.

அந்த முப்பது நாளும் எங்கு போனாலும் நடந்து போனேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மா வீட்டில் பாத்திரம் கழுவும்போது திடீரென்று கேட்டார். "அது என்ன பிராந்தி?"

சொன்னேன். பெட்ரோல் நிலையத்தில் விற்பது.

அம்மா தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தார். "அதுக்குப் போயி பொய் சொல்லச் சொன்னியே," என்றார்.

டிஷ்லர் அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பக்கம் அம்மாவைக் கண்டால், "நான் இங்க குடியில்ல," என்று தூரத்திலிருந்தே சொல்வாராம். அம்மா அதை என்னிடம் சொன்னபோது சிரித்தாரா என்று நினைவில்லை. இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து அதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். சிரித்திருக்கலாம்.

ஜனவரி ஐந்தாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து வந்தேன். முப்பது நாள் முடிந்திருந்தும் சாவி மேசையில் இல்லை. கொக்கியிலும் இல்லை. கோபத்தோடு கதவைத் திறந்தேன்.

வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பனி சுரண்டப்பட்டிருந்தது. அம்மா கோட்டோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி எனக்கு இடம் விட்டார்.

"கதவச் சாத்து," என்றார். "சூடு போயிரும்."