பாதிப் புரதம்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயமொன்றின் நான்காவது காம்பிராவில் இருக்கும் விஜயலெட்சுமிக்கு முப்பத்திரண்டு வயது. கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி என்று கங்காணியே சொல்வார். அந்த மனுஷன் வாயிலிருந்து நல்ல சொல் வருவது அத்தி பூத்த மாதிரி. புருஷன் கிருஷ்ணராஜ் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் முகம் காட்டுவான். ஒரே மகள் சுபாஜினி. எட்டு வயதாகிறது, நடக்கமாட்டாள், பேசமாட்டாள். பிறந்த மூன்றாம் வாரமே வலிப்பு வந்துவிட்டது.

முதல் ஆறு வருஷம் அது என்ன நோய் என்றே யாருக்கும் தெரியவில்லை. முனி அடித்துவிட்டது என்றார்கள், பிள்ளைக்கு மொட்டை போட்டாள். பேர் ராசி சரியில்லை என்றார்கள், வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். சொல்லுகிறவர்களுக்கென்ன, வாய்க்கு வாடகையா! கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில் சிவரூபி என்ற யாழ்ப்பாணத்து டொக்டர், தாய் தகப்பன் பிள்ளை மூவரிடமும் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். இரண்டு வருஷத்துக்கு முன் அதன் முடிவு வந்தது.

“எஸ்.டி.எக்ஸ்.பி.பி. வன் எண்டு ஒரு புரதம் இருக்கு அம்மா. உங்கட பிள்ளைக்கு அது பாதிதான் இருக்கு” என்றார் டொக்டர்.

அதற்குப் பிறகும் அவர் கால்மணி நேரம் பேசினார். விஜயலெட்சுமி தலையாட்டிக்கொண்டே இருந்தாள், ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. புரதம் என்றதுமே அவளுக்குக் காது அடைத்துவிட்டது.

காரணம் திரிபோஷா, கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சத்துமா. கர்ப்பமாக இருந்தபோது மாதாமாதம் மருத்துவிச்சி இரண்டு பைக்கட்டு கொடுப்பார். “இதுல புரதம் இருக்கு. நீதான் திங்கணும், வீட்டுல பங்கு போட்டுறாத” என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கொடுப்பார். எந்த லயத்தில் அதைப் பங்கு போடாமல் தின்றிருக்கிறார்கள்? பக்கத்துக் காம்பிராவில் கிருஷ்ணராஜின் அண்ணி பாக்கியலெட்சுமி மஞ்சட்காமாலையில் கிடந்தாள். அவளுடைய இரண்டு வயது மகள் விதுஷா எலும்பும் தோலுமாக இருந்தாள். விஜயலெட்சுமி இரண்டு பைக்கட்டையும் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து அந்தப் பிள்ளைக்கே ஊட்டினாள். அஞ்சு மாதம் ஊட்டினாள், கை வஞ்சகம் செய்யவில்லை. விதுஷா கிண்ணென்று வளர்ந்தாள்.

முடிவு வந்த அன்று பஸ்ஸில் வரும்போது அவள் மனசில் கணக்குச் சரியாகிவிட்டது. தன் வயிற்றுப் பிள்ளைக்குப் போகவேண்டிய பாதி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போய்விட்டது. லயத்து வாசலில் விதுஷா வழக்கம்போல “சித்தி, பாப்பாவக் குடுங்க” என்று கையை நீட்டினாள். விஜயலெட்சுமி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“போடி! எம் புள்ளையோடதத் தின்னு வளந்தவதானே நீ!”

அன்றைக்கு நின்றது பேச்சு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்படியிருந்தும் இரண்டு வருஷம் ஒரு வார்த்தை இல்லை. பொதுக் குழாயான பீலியில் தண்ணி பிடிக்கிற சண்டையாம் என்று லயம் முழுக்கக் கதை கட்டியது. மறுவாரத்திலிருந்து காலையில் வாசற்படியில் ஒரு முட்டை இருக்கும். பாக்கியலெட்சுமி வளர்த்த கோழியின் முட்டை. விஜயலெட்சுமி நன்றி சொல்லவில்லை. கொடுக்கவேண்டியவள் கொடுக்கிறாள் என்று எடுத்து அவித்து மகளுக்கு ஊட்டினாள். பிறகு காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனாள், கொழுந்தெடுத்தாள், வந்தாள், படுத்தாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனசு மரக்கட்டையாகிவிட்டது.

போன மாதம் சுபாஜினிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டொக்டர் சிவரூபி குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “பிள்ளைக்கு விழுங்கவே கஷ்டம். என்ன குடுக்கிறியள்?” என்று கேட்டார்.

“முட்டைங்க. தெனம் ஒன்னு.”

“ஆர் சொன்னது?”

“நீங்கதாங்களே, புரதம் பாதின்னீங்க.”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். விஜயலெட்சுமி திரிபோஷாக் கதையை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள், பக்கத்து ஊர்ச் செய்தியைச் சொல்வதுபோல. டொக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

“அம்மா, இது சாப்பாட்டில வாற புரதம் இல்லை. உடம்பு தானே செய்துகொள்ளுறது. மூளையில ஒரு நரம்பு மற்ற நரம்புக்குச் சின்னச் சின்னப் பைகளிலதான் செய்தி அனுப்பும். அந்தப் பை ஓரத்துச் சுவரோட ஒட்டிக் கலந்து, உள்ளுக்கிருக்கிறதைக் கொட்டவேணும். அதுக்குத்தான் இந்தப் புரதம் வேணும். அதைச் செய்யிற குறிப்பு எல்லாருக்கும் ரெண்டு இருக்கு, இவவுக்கு ஒண்டு பழுது. உங்களிட்ட இருந்தும் வரேல்லை, அவரிட்ட இருந்தும் வரேல்லை. கரு உண்டாகேக்க தானா வந்தது.”

நிறுவைக்கு வந்த கொழுந்து மூட்டைகள் அவிழ்க்க ஆள் பத்தாமல் கிடப்பது விஜயலெட்சுமிக்கு மனக்கண்ணில் தெரிந்தது.

“நான் எல்லாப் பைக்கட்டையும் தின்னிருந்தாலுங்களா?”

“நூறு பைக்கட்டு திண்டிருந்தாலும் இதுதான்.”

அப்பாடா என்று ஒரு மூச்சு வரும் என்று டொக்டர் காத்திருந்தார். அவளுக்கு வரவில்லை. குற்றம் இருந்தவரைக்கும் முட்டை அவிக்கிற வேலையாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சளி மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூன்று மணிக்கு லயத்துக்கு வந்தபோது பாக்கியலெட்சுமி பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். விஜயலெட்சுமி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, அந்த மாவால இல்லையாம். டொக்டர் சொல்லிட்டாங்க. யார் தின்னதாலயும் இல்லையாம். இனிமே முட்டை வைக்காதீங்க.”

பாக்கியலெட்சுமியின் கையிலிருந்த துணி தண்ணீரோடு போனது. அவள் எடுக்கவில்லை.

“நான் எங்கடி வெச்சேன்? கோழி போடுறது ஒரு முட்டை. விதுஷாவுக்குன்னுதான் அவிக்கப் போவேன். பாப்பாவோடதத் தின்னுட்டேன்மான்னு எடுத்துக்கிட்டு ஓடிருவா. அன்னைக்கி நீ ஏசுனதுலருந்து எம்மக முட்டை வாயில வெக்கிறதில்ல.”

விஜயலெட்சுமி காம்பிராவுக்குள் போனாள். காலையில் ஆஸ்பத்திரி அவசரத்தில் அவிக்காமல் வைத்துவிட்டுப் போன முட்டை அடுப்பங்கரையில் இருந்தது. அதை அவித்து, உரித்து, உப்புத் தொட்டு வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த விதுஷாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பத்து வயதுப் பிள்ளை படியேறாமல் வாசலிலேயே நின்றது.

“தின்னுடி.”

“பாப்பாவுக்கு, சித்தி?”

“அவளுக்கு இதால ஒன்னுமில்ல. நீ ஒன்னும் திங்கல அவளோடத.”

விதுஷா தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முழு முட்டையையும் ஒரேயடியாக வாயில் போட்டு, மஞ்சள் கரு தொண்டையில் அடைக்க, கண்ணில் நீர் முட்ட மென்றாள். விஜயலெட்சுமி அவள் தலையில் தட்டி, குடிக்கத் தண்ணி கொடுத்தாள்.