ஞானராஜ் கட்டிப்போடாத நாய்

எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் நாச்சிமுத்துவின் தொலைபேசி அழைப்பு வந்தபோது, காலை நடை முடிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க சார், நம்ம ஞானராஜ் போயிட்டாருங்க. பஸ் ஏறப் போன எடத்துல நெஞ்சுவலிங்களாம்" என்றார். என்ன கேட்பதென்று தெரியாமல் "எந்த பஸ்?" என்றேன். "தாராபுரம் பஸ்ஸுங்க" என்று அவரும் பொறுமையாகச் சொன்னார். ஒரு நல்ல மனிதரின் சாவுச் செய்திக்கு என் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். அதைவிடக் கூச்சமான ஒன்றை எழுத வேண்டியிருப்பதால் இதையும் மறைக்கவில்லை.

ஞானராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தவர். பனியன் கம்பெனி வேலைக்கென்று இளவயதில் இந்த ஊருக்கு வந்து, ஏற்றுமதி நிறுவனமொன்றின் மெர்ச்சண்டைசிங் மேலாளராக உயர்ந்தவர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்வதுதான் தன் உத்தியோகம் என்பார். நான் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். சாயம் போகிறதா, சுருங்குகிறதா, எண்ணிட்ட நிறங்கள் உள்ள ஷேடு கார்டோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதினேன். அறிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பழக்கமும் அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

ஒருமுறை வீரபாண்டிச் சாயப்பட்டறை ஒன்றுக்கு நிறம் பார்க்கப் போன ஞானராஜ், சாயக்கழிவுத் தொட்டியில் விழுந்து கத்திக்கொண்டிருந்த நாய்க்குட்டியைத் தூக்கி, கழித்துப்போட்ட துணியில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். மூக்கைத் தவிர முழுக்க நீலம். பையர்கள் ராயல் ப்ளூ என்று கேட்கும் அதே நீலம் என்று சொல்லி ராயல் என்றே பெயர் வைத்தார். "ஏனுங்க ஞானராஜ், சாயம் நிக்குமுங்களா?" என்று நாச்சிமுத்து கிண்டல் செய்தார். "நாலு தண்ணி அலசிட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார் இவர். முடி உதிர்ந்து புதுமுடி வந்தபோது செம்பழுப்பும் நெஞ்சில் கொஞ்சம் வெள்ளையுமாக ஒரு நாய் வெளிப்பட்டது. அதை அவர் கட்டிப்போடவில்லை. "தொட்டிக்குள்ள கெடந்து போராடுனவன் சார். இனி அவன் கழுத்துல கயிறு வேண்டாம்" என்பார்.

எனக்கு நாய் என்றால் பயம். சிறுவயதிலிருந்தே பயம். எம்.எஸ்ஸி. படித்த, பேரன் எடுத்த ஒருவன் அதை எப்படிச் சொல்வது? ஆகவே ஞானராஜிடம் வேறு விதமாகச் சொன்னேன். தாய் தகப்பன் இன்ன இனம் என்று தெரியாத நாயின் சுபாவத்தைக் கணிக்க முடியாது, விஞ்ஞான முறையில் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது என்றேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

அது இரண்டாயிரத்து எட்டு. நாயின் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால், மரபணுவைப் பார்த்து என்னென்ன இனங்கள் கலந்திருக்கின்றன என்று அமெரிக்காவில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பையர் நிறுவனத்துப் பெண்மணி ஒருவர் அடுத்த முறை வரும்போது அந்தச் சோதனைக் கிட்டை வாங்கி வந்தார். மாதிரி எடுக்கும் முறையை மேற்பார்வையிட என்னைத்தான் அழைத்தார் ஞானராஜ். நான் அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றபடி, குச்சியை உறையில் போடுமுன் காற்றில் உலர்த்த வேண்டும் என்றெல்லாம் வாசித்துக் காட்டினேன். ராயல் சமர்த்தாக வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. "அவன் வாயத் தொறந்துட்டான் சார். நீங்கதான் எதையோ வாய்க்குள்ளயே வச்சிருக்கிய" என்று சிரித்தார். நான் அடுத்த வரியை வாசித்தேன்.

மின்னஞ்சலில் வந்த அறிக்கையை அச்செடுத்து என்னிடம்தான் முதலில் காட்டினார். ஆப்பிரிக்க வேட்டைநாய் ஒன்று, சீனத்து நாய் ஒன்று, கடைசியில் சிறிதளவு ஒரு பெரிய காவல்நாய் இனம். என் கண் அந்தக் கடைசி வரியிலேயே நின்றது. அதை ஒரு தகவல் என்ற முறையில் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அது நாலு வீடு போய்வருவதற்குள் கடிநாய் என்று ஆகிவிட்டது. ராயலைக் குடியிருப்பை விட்டு அனுப்புவது பற்றிப் பேசச் சங்கம் கூடியது.

ஆளுக்கொன்று பேசினார்கள். ஞானராஜ் எவரோடும் வாதாடவில்லை. எழுந்து என்னைப் பார்த்தார்.

"சார், ஒரு சந்தேகம். துணி ஒண்ணு வருது. அதோட கலர் உங்க ஷேடு கார்டுலயே கெடையாது. எந்த நம்பர எழுதுவிய?"

"இருக்கிறதில கிட்டத்துல வர்ற நம்பரை."

"அப்ப துணியோட கலர் அதுதானா?"

"இல்லை."

"இந்த அமெரிக்காக்காரன் வச்சிருக்க கார்டுல நம்மூருத் தெருநாய் இருக்குமா சார்?"

இருக்க வாய்ப்பில்லை, கிட்டத்தில் வருகிற இனங்களின் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள் என்றேன். அறிக்கையைப் பார்த்தவுடனேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய விஷயம் அது. ஆயுள் முழுதும் நான் செய்த வேலையே அதுதான். நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "அட, நம்மூர் நாய்தானுங்களா? இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க சார்?" என்றார். கூட்டம் கலைந்தது. விளக்கிச் சொன்னதற்காகச் சிலர் எனக்கு நன்றிகூடச் சொன்னார்கள். தினமும் ஷேடு கார்டோடு மல்லுக்கட்டுகிறவருக்குப் பதில் தெரியாமலா என்னிடம் கேட்டார்? அதை அன்று நான் யோசிக்க விரும்பவில்லை.

அதன் பிறகு என் காலை நடையில் ராயல் எதிர்ப்பட்டதே இல்லை. அது நேரம் கழித்து விழிக்கும் நாய் என்று முடிவு செய்து, ஞானராஜிடமே ஒருமுறை சொன்னேன். "ஆமா சார், நல்ல தூக்கம்" என்றார்.

ஞானராஜின் அடக்கம் முடிந்த சில நாட்களில் அவர் வீட்டில் ஜெபம் நடந்தது. அவர் மனைவி எஸ்தர் அம்மா பெங்களூருக்கு, மகள் வீட்டோடு போகிறார். அந்த அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. நாச்சிமுத்து தன் மூலனூர் முருங்கைத் தோட்டத்துக்கு அதைக் கொண்டுபோவதாகச் சொன்னார். மோட்டார் ரூமில் கட்டிப்போட்டால் காய்க்குக் காவலாக இருக்கும் என்றவர், "அந்த ரிப்போர்ட்டுல காவல்நாய்னு ஒண்ணு இருந்துச்சில்லீங்க சார்?" என்று என்னைப் பார்த்தார்.

கட்டிப்போடுவது என்றதும் எஸ்தர் அம்மா அழத் தொடங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "உங்களுக்காவ மட்டுந்தான் சார் அவிய இவனக் கட்டிப்போட்டாவ. நீங்க நடந்து கேட்டத் தாண்டுற வரைக்கும் உள்ரூம்ல கட்டி வச்சிருப்பாவ. சாருக்கு நாய்னா பயம், வெளிய சொல்லக் கூச்சப்படுதாவ, நீயும் யார்ட்டயும் சொல்லிராதன்னு சொன்னாவ."

ஒரு மனிதர் தன் நாய்க்குக் கொடுத்த வாக்கை எனக்காகத் தினமும் மீறியிருக்கிறார். நானோ அந்த நாயின் வம்சத்தை ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அத்தனை பேர் நடுவில் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினேன். "அந்த ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லீங்க" என்றேன். "எனக்கு நாய்னா பயமுங்க. அதனாலதான் சோதனை பண்ணச் சொன்னேன். ராயல் என்னோட இருக்கட்டுங்க."

"பயந்துக்கிட்டு எப்படிங்க சார் வளப்பீங்க?"

தெரியவில்லை என்றேன். அறிக்கை எதுவும் இல்லாமல் நான் எடுத்த வேறு முடிவு எதுவும் நினைவில்லை.

ராயல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு இன்றும் பின்னால் நகர்ந்துதான் வருகிறேன். அதன் கழுத்தில் கயிறு இல்லை. காலையில் கேட்டைத் திறக்குமுன் தெருவை ஒருமுறை பார்க்கிறேன். யாராவது தயங்கி நின்றால் ராயலை உள்ளே அழைத்துக்கொண்டு, அவர் கடந்துபோகும் வரை காத்திருக்கிறேன். காரணம் கேட்பதில்லை.