வெள்ளைச் சேலைக்காரியைப் பார்க்கப் போன மூன்று கிழவர்கள்

ஓக்கிப் புயல் எங்கள் ஊர் வாழையை எல்லாம் பாய் விரித்த மாதிரி படுக்க வைத்ததே, அதற்குப் பிறகு நான் புதிதாக வைத்த செவ்வாழை முதல் குலை தள்ளிய வருஷம் அது. ஆடி மாதம். புயலைக்கூட மறந்துவிடுவேன். கரண்ட் இல்லாத அந்த நாட்களில், கல்ஃபில் இருந்து திரும்பி வந்த என் கூட்டாளி பெரிய டார்ச்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கே ராஜா மாதிரி நடந்தானே, அதை மறக்க மாட்டேன். யார் வீட்டில் என்ன குழம்பு என்று ஜன்னல் வழியாக அடித்துப் பார்ப்பான்.

சரி, அது கிடக்கட்டும். இது என்னுடைய இன்னொரு கூட்டாளியின் காரியம். அவன் கொத்தனார். நாங்கள் மூன்று பேரும் நிக்கர் போட்ட காலத்தில் இருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். கொத்தனாரின் சம்சாரம் அந்தப் பங்குனியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தாள். ஞாயிறு தவறாமல் வெள்ளைச் சேலை கட்டி சர்ச்சுக்குப் போகிறவள். அவள் பாட்டுப் பாடினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான்.

ஆனி முடியும்போது ஒரு பேச்சு கிளம்பியது. மூன்றாவது பாலம் தாண்டி, வயலுக்குத் தண்ணீர் போகிற சானல்கரையில், ராத்திரி, அவள் வெள்ளைச் சேலையில் நிற்கிறாளாம். கால் தரையில் படவில்லையாம். கையை ஆட்டிக் கூப்பிடுகிறாளாம். முதலில் பால்காரன் பார்த்தான். அப்புறம் பார்க்காதவன் எல்லாம் பார்த்தான். கொத்தனார் டீக்கடைக்கு வருவதை நிறுத்தினான். சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்தினான்.

"கர்த்தருகிட்ட போய்ச் சேந்துட்டாண்ணு நான் மனசத் தேத்திக்கிட்டு இருக்கேன்" என்றான் எங்களிடம். "இவனுவ அவள சானல்கரையில கொண்டு நிறுத்தி வச்சிருக்கானுவ. இண்ணைக்கு ராத்திரி போவம். அவளா இருந்தா என்ன கொறைண்ணு கேப்பேன். இல்லேண்ணா, இல்லேண்ணு ஊருக்குச் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் சாட்சி."

"பேயி மேல பாஞ்சா என்ன செய்யது?" என்றான் கல்ஃப்காரன்.

"ஒனக்க மூஞ்சியில டார்ச்ச அடி மக்கா. அது பயந்து ஓடிரும்" என்றேன் நான்.

மும்முனைக் கரண்ட் ராத்திரிதான் வருகிறது, மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரும்பு கையில் இருந்தால் நல்லது என்று வெட்டுகத்தி எடுத்தேன். கொத்தனார் வேதப்புத்தகம் கொண்டுவந்தான். கல்ஃப்காரன் டார்ச்சும், ஒரு பொட்டலம் மிக்சரும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்துப் பாய்கிற அந்த ஆடிக்காற்று இருக்கிறதே, ஆளைத் தள்ளிக்கொண்டே போகும். இரண்டாவது பாலத்தில் 'கறுக்' என்று ஒரு சத்தம். நானும் கொத்தனாரும் ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் பிடித்துக்கொண்டோம். பார்த்தால் கல்ஃப்காரன் மிக்சர் தின்கிறான்.

"பேயைப் பாக்க வந்தியா, சினிமா பாக்க வந்தியாடே?"

"பயந்தா எனக்குப் பசிக்கும்."

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வருகிறது. கிழவன் மூன்று பேர் இருட்டில் குலுங்கிக் குலுங்கி நடக்கிறோம். அப்போதுதான் கண்டோம். வரப்புக்கு அந்தப் பக்கம், உயரத்தில், வெள்ளையாக. கால் இல்லை. கை ஆடுகிறது.

டார்ச்சை அடிடே என்றால், கல்ஃப்காரன் அதை என் கண்ணில் அடிக்கிறான். கொத்தனார் மட்டும் முன்னால் போனான்.

"ஏட்டி, நாந்தான்" என்றான். "ஊரு கண்டதும் பேசுது. ஒனக்கு என்ன வேணும், சொல்லு. இல்லேண்ணா போக வேண்டிய எடத்துக்குப் போ. இந்தக் காத்துல நிக்காத, ஒனக்கு ஒத்துக்காது."

அந்த வெள்ளை தலையை ஆட்டியது. உள்ளே இருந்து கறுப்பாக ஒன்று எங்கள் முகத்துக்கு நேரே பாய்ந்தது. நானும் கல்ஃப்காரனும் ஓடினோம். அவன் செருப்பு சானலில் போனது. நான் ஒரு சுவரில் போய் முட்டினேன். கதவு மாதிரி இருந்தது, பூட்டைத் தடவினேன். என் பூட்டு. என் மோட்டார் ரூம். நான் நிற்பது என் தோட்டம்.

நான் எப்போதும் ரோட்டு வழியாகத்தான் தோட்டத்துக்குப் போவேன். சானல் வளைந்து வளைந்து அதன் முதுகுப்பக்கம் வரும் என்று அந்த ராத்திரி நினைவே இல்லை. பழந்தின்னி வாவலும் அணிலும் கடிக்காமல் இருக்கச் செவ்வாழைக் குலையில் பழஞ்சேலை சுற்றிக் கட்டியவன் நான்தான். முந்தானை தொங்கிக் காற்றில் ஆடுகிறது. பாய்ந்தது வாவல். மண்ணில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கல்ஃப்காரனையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனபோது கொத்தனார் அந்தச் சேலையின் முந்தானைத் தும்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"இது அவளுக்க சேலைதான். இந்தக் கிழிசல் நான் ஆணியில மாட்டிக் கிழிச்சது. அவ தச்சா."

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் மருமகள், செத்துப்போன மாமியாரின் துணியெல்லாம் ஒரு கட்டாக என் சம்சாரத்திடம் கொடுத்திருந்தாள், குலை கட்ட ஆகும் என்று. மேலே இருந்ததை நான் பார்க்காமல் உருவினேன். அதைச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் சேலையைப் பார்த்தான், குலையைப் பார்த்தான்.

"உசுரோட இருக்கும்போ ஒரு நேரம் சும்மா இருந்ததில்ல. இப்பவும் பாரு, ஒனக்க வாழக்கொலைக்குக் காவல் நிக்கா" என்றான். அவன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் மூன்று பேரும்.

சேலையை அவிழ்த்து மடித்து வேதப்புத்தகத்தோடு வைத்துக்கொண்டான். வெறுங்குலையை விட முடியாதே. உள்ளே நிக்கர் போட்டிருந்தவன் கல்ஃப்காரன் மட்டும்தான். அவன் இடுப்பில் இருந்த லுங்கிச் சாரத்தை உருவினோம்.

"லேய், அது துபாய்ல வாங்கினதுடே" என்று கத்திக்கொண்டே நிக்கரோடு வீடு வந்தான். ஒரு வாரத்தில், கட்டம் போட்ட சாரம் கட்டின ஆண்பேய் ஒன்று சானல்கரையில் நிற்பதாக ஊர் சொன்னது. கல்ஃப்காரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கொத்தனார் மறுபடி டீக்கடைக்கு வந்தான், சர்ச்சுக்கும் போனான். ஆனால் பேச்சு எங்கள் ஊரோடு நிற்கவில்லை. போன மாதம் தக்கலை பஸ்ஸில் முன் சீட்டுக்காரி பக்கத்துக்காரியிடம் அதே வெள்ளைச் சேலையைச் சொல்லுகிறாள். அது என் குலை என்று சொல்லிச் சிரித்தேன். "தாத்தா, நீங்க பாக்கல்ல, அதான் சிரிக்கிய" என்றாள். எங்கேயாவது இன்னும் சொல்லுகிறார்களா என்று கொத்தனார் அடிக்கடி கேட்பான். இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் நீங்கள் எந்த பஸ்ஸில், எந்தக் கடையில் இதைக் கேட்டாலும் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். அது செவ்வாழைக் குலை, கட்டினவன் நான். கொத்தனாரின் சம்சாரம், அந்தப் பிள்ளை, எங்கேயும் நிற்கவில்லை.