ஸ்ரீரங்கத்தில் யாரும் குடியில்லை

போன வாரம் குக்கர் கேஸ்கட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கொண்டுவந்தவர் போன் செய்தார். "சார், உங்க வாசல்லதான் நிக்கிறேன், வீடு பூட்டியிருக்கு." நானும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நின்ற வாசல் புத்தூரில், நான் நின்றது ஸ்ரீரங்கத்தில். நடுவில் ஒரு காவிரி.

"அட்ரஸ்ல ஸ்ரீரங்கம்னு போட்டிருக்கேனேங்க?"

"சிஸ்டத்துல புத்தூர்னுதான் சார் காட்டுது."

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. உள்ளிருந்து எட்டிப் பார்த்த மனைவி, இந்த வயதுக்கு இதெல்லாம் சகஜம் என்கிற முகத்தோடு திரும்பிப் போனாள்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் நான் சில வருஷம் புத்தூர்வாசியாக இருந்தவன், ஸ்ரீரங்கத்தை விட்டு ஒரு நாளும் குடிபோகாமலேயே.

திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலை. அதன் கம்ப்யூட்டர் செக்ஷனில் எனக்கு வேலை. தொழிற்சாலையிலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். தூசி ஆகாது என்பதால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கதவருகே கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் உள்ளே ஏதோ சந்நிதி என்று தோன்றும். நடப்பும் ஏறக்குறைய அப்படித்தான். வேண்டிக்கொள்வோம், சில சமயம் பலிக்கும். பிரிண்டர் ரிப்பனின் மை வாசனை இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் என் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது.

செக்ஷன் தலைவர் ஸ்டெல்லா மேடம், பாலக்கரைக்காரர். அவர் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமை புது வேலை கிடையாது. எந்த டிபார்ட்மெண்ட்காரர் வந்து கெஞ்சினாலும், "இன்னைக்கு வீடு கழுவுற நாளுங்க, திங்கக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிடுவார். அன்று ஆளுக்கொரு பழைய புரோகிராமை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். என்றைக்கோ அவசரத்தில் போட்ட ஒட்டுகளைப் பிரித்து ஒழுங்காக எழுத வேண்டும். எழுதியதைப் பக்கத்து நாற்காலிக்காரர் படித்து, புரிகிறது என்று சொன்ன பிறகே வீட்டுக்குப் போகலாம். என் பக்கத்து நாற்காலி பஷீர். "மாப்ளே, இது புரோகிராமா, ஜாதகமா?" என்பான்.

"உங்க வீட்லயும் வெள்ளிக்கிழமைதானா மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க வீட்ல சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்துக்காரங்க நீங்கல்லாம் இருக்கீங்களேன்னு ஒரு நாள் முன்னாடி தள்ளிட்டேன்."

ஒட்டு என்றேனே, அதில் பெரிய ஒட்டு பஷீருடையது. ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு, கூட்டத்தில் கம்பெனி பஸ் ஸ்ரீரங்கத்துக்குள் வர முடியாது, அன்று மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் புத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. பஸ் லிஸ்ட் அடிக்கும் புரோகிராமில் பஷீர் ஒரு வரி சேர்த்தான். ஸ்ரீரங்கம் என்று வந்தால் புத்தூர் என்று எடுத்துக்கொள். மறுநாள் எடுத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. மறுநாள் வேறு அவசரம். அதற்குள் கேண்டீன் லிஸ்டும் ஓவர்டைம் லிஸ்டும் அந்தப் புரோகிராமிடமிருந்தே ஊர்ப்பெயரைக் கடன் வாங்க ஆரம்பித்துவிட்டன. எங்கள் வீட்டு மர பீரோ ஆடுகிறதென்று அப்பா ஒரு காலுக்கு அட்டையை மடித்து வைத்தார். அந்தச் சாய்வுக்குத் தோதாக ஆசாரி இழுப்பறையை இழைத்துக் கொடுத்தார். அப்புறம் அட்டையை எடுத்தால் இழுப்பறை திறக்காது. இதுவும் அதே கதைதான்.

அடுத்தடுத்து ஏகாதசிகள் வந்து போயின. கம்ப்யூட்டர் கணக்குப்படி ஸ்ரீரங்கத்தில் யாரும் குடியில்லை, பெருமாளைத் தவிர. டிரான்ஸ்போர்ட் கிளார்க் வாராவாரம் லிஸ்டை வாங்கி, சிவப்புப் பென்சிலால் புத்தூரை அடித்து ஸ்ரீரங்கம் என்று எழுதிக்கொள்வார். செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, "மேடம், இவங்களை எப்ப ஊருக்கு அனுப்பி வைக்கப்போறீங்க?" என்று கேட்காமல் போக மாட்டார். வெள்ளிக்கு வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பாதி பிரித்திருந்தபோது ஜெனரல் மேனேஜருக்கு ஓர் ஆசை வந்தது. சேர்மன் வருவதற்குள் பஸ் ரூட் முழுவதையும் கம்ப்யூட்டரே போட வேண்டும், லிஸ்ட் நேராக டிரைவர் கைக்குப் போக வேண்டும், நடுவில் பென்சில் கூடாது. எங்களையும் வைத்துக்கொண்டே மேடத்திடம் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையும் புது வேலையைப் பாருங்க."

"பழைய ஒட்டு பாதியில நிக்குது சார். அதுமேல புதுசு கட்டினா தாங்காது."

"ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்கும்மா நோண்டுறீங்க? முடியலேன்னா சொல்லுங்க, செக்ஷனை வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்."

"இந்த மாசம் வீடு கழுவலை" என்று மட்டும் மேடம் எங்களிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை போய்விட்டது, அடுத்துப் போகப்போவது அவருடைய நாற்காலி என்று எங்களுக்குப் பட்டது. அவசர அவசரமாகப் புது புரோகிராமை எழுதினோம். எங்களைப் புத்தூரிலிருந்து பிரித்தெடுக்க இன்னொரு ஒட்டு போட்டோம். சோதித்துப் பார்க்க நேரமில்லை. பாதி பிரித்த பழைய ஒட்டு அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை டிபன் டப்பாவோடு ஸ்ரீரங்கம் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் வரவில்லை. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி, மாறி மாறி ஏறிப் போய்ச் சேர்ந்தால், முதல் ஷிப்டில் பல மிஷின்கள் ஆளில்லாமல் நின்றன. புத்தூரில் எங்களுக்கென்று கூடுதல் பஸ்கள் காலியாகக் காத்திருந்தனவாம். கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டிருந்தது, பாவம்.

ஜி.எம். எல்லோரையும் கூப்பிட்டார். "ஸ்ரீரங்கத்தைப் புத்தூர் ஆக்கினது யாரு?"

பஷீர் ஓரடி முன்னால் வந்தான். வீட்டில் தங்கை நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். வாயைத் திறக்கப்போனான், மேடம் முந்திக்கொண்டார்.

"எங்க செக்ஷன் சார்."

நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்கிற வாக்கியம் எங்கள் எல்லோர் நாக்கிலும் தயாராக இருந்தது. அதைச் சொல்ல உரிமையுள்ளவர் மேடம் ஒருவர்தான், அவர் சொல்லவில்லை. ஜி.எம். மேடம் பக்கம் திரும்பினார்.

"சரி. எத்தனை வெள்ளிக்கிழமை வேணும்?"

"எல்லா வெள்ளிக்கிழமையும் சார்."

"எல்லாமா?"

"கழுவின வீடு மறுபடி அழுக்காகுமே சார்."

சேர்மனை நினைத்தாரோ, தன் வீட்டம்மாவை நினைத்தாரோ, தலையாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமையும் நாற்காலியும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளியன்று பஷீரின் அந்த வரி ஒருவழியாகப் போயிற்று. பிரிண்டர் கிறீச்சிட்டு அடித்த லிஸ்டில் என் பெயருக்கு நேரே ஸ்ரீரங்கம். பஷீர் கேண்டீனிலிருந்து பால் வாங்கி வந்தான். "மாப்ளே, சொந்த ஊருக்குக் குடிவந்திருக்கே, பால் காய்ச்ச வேணாமா?" கம்ப்யூட்டர் அறைக்குள் பால் ஆகாது. வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்று ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். "இனிமே நான் எதுக்கு இங்க வரது?" என்றார் பென்சில்காரர். "சும்மா வாங்க" என்றார் மேடம். வந்துகொண்டுதான் இருந்தார்.

பிறகு பெரிய ஊர்களில், பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்தேன். ஒட்டுக்குமேல் ஒட்டு எல்லா இடத்திலும் இருந்தது. யார் எழுதியது என்று கேட்கும் கூட்டங்களும் தவறாமல் நடந்தன. அந்தக் கூட்டங்களில் நான் "எங்க செக்ஷன்" என்று சொல்லி இரண்டொரு முறை நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். அது மேடத்துடைய பெயர். வெள்ளிக்கிழமை கேட்டும் பார்த்தேன். எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் பழைய மிஷின் எடைக்குப் போயிற்று. மேடமும் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து கேஸ்கட் வந்து சேர்ந்தது. "இந்தப் புத்தூரை மாத்தச் சொல்லி உங்க கம்பெனியில சொல்லுங்களேன்" என்றேன்.

"சொல்லலாம் சார். எங்க போய், யார்கிட்ட சொல்றது?"

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற ஒரு கதவு எனக்கு ஞாபகம் வந்தது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? ஒரு டம்ளர் மோர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன்.