ஸ்கேமாவில் இருந்த 661

1. எந்தத் தொண்ணூறு?

மலேசியாவில் பள்ளி முடிக்கும்போது எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ரிசல்ட் வந்த அன்று காலை பத்தரைக்கு என் போன் அடித்தது. அப்போது கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் டியூஷன் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். கணிதம் என் பாடம். அழைத்தவர் சரோஜா அக்கா, என் மாணவி தர்ஷினியின் அம்மா. பண்டமாரானில் வீடு, ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

"டீச்சர், மேட்ஸ்ல D வந்திருக்கு. வாரா வாரம் குரூப்ல தொண்ணூறு, தொண்ணூத்தி ரெண்டுன்னு போட்டீங்களே. அது எந்தத் தொண்ணூறு டீச்சர்?"

தர்ஷினிக்கு நர்சிங் படிக்க ஆசை. அதற்குக் கணிதத்தில் கிரெடிட் வேண்டும், அதாவது குறைந்தது C. ஒரே ஒரு படியில் போய்விட்டது.

நான் சொன்ன பதில் இது: "ஹால்ல போய் பயந்திருப்பா க்கா. நான் என்ன செய்ய?" வாய் கூசாமல் சொன்னேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

2. முப்பது செட்

எங்கள் தொழிலில் பயிற்சித் தாளை 'செட்' என்போம். போன வருடத் தாள், தேர்வுக்கு முன் ஒவ்வொரு மாநிலமும் வைக்கும் ட்ரையல் தாள் எல்லாம் சேர்ந்தது. தாளோடு 'ஸ்கேமா'வும் வரும். எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டிருக்கும் விடைக்குறிப்பு அது. சேர்க்க வரும் பெற்றோர் பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். "எத்தன செட் செய்வீங்க டீச்சர்?" என்றுதான் கேட்பார்கள். நானும் பாசாரில் மீன் விற்பவளைப் போல, "முப்பது செட் லா, குறையவே குறையாது" என்பேன்.

முப்பது செட் செய்தோம், பொய் இல்லை. ஆனால் எப்படிச் செய்தோம்? ஒரு செட்டை முதலில் கொடுப்பேன். ஐம்பது, ஐம்பத்தைந்து வரும். ஸ்கேமாவை ஜெராக்ஸ் போட்டு, "வீட்டுல பாத்து வச்சுக்கோங்க" என்று அனுப்புவேன். அடுத்த வாரம் அதே செட்டை மறுபடியும் கொடுப்பேன். தொண்ணூறு வரும். அந்தத் தொண்ணூறைத்தான் சனிக்கிழமை பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். முதல் ஐம்பதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

பிள்ளைகள் கணக்குப் படிக்கவில்லை, அந்தத் தாளைப் படித்தார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்.

3. அழித்த இடம்

மறுநாள் சரோஜா அக்கா மகளோடு சென்டருக்கே வந்துவிட்டார். தர்ஷினி தன் ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த ஃபைலைப் புரட்டியது அவள்மேல் ஒரு குற்றம் கண்டுபிடிக்கத்தான். "பாருங்க க்கா, இங்க கேர்லெஸ் மிஸ்டேக்" என்று காட்ட ஒன்று கிடைக்காதா என்று தேடினேன்.

ஒரு கூம்புக் கணக்கில் கை நின்றது. ஆரம் 7, உயரம் 12, கன அளவு என்ன? வழி முழுவதும் சரி. கடைசி வரியில் மட்டும் 661. பக்கத்தில் என் சிவப்பு டிக். மனக்கணக்காகவே போட்டுப் பார்த்தேன். 616 வந்தது. 661-க்கு அடியில் ரப்பர் போட்டு அழித்த தடம் இருந்தது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது: 616.

ஸ்கேமாவை எடுத்துப் பார்த்தேன். அதில் 661 என்றுதான் இருந்தது.

"ஸ்கேமாவுல பிரிண்டிங் மிஸ்டேக் போல க்கா," என்றேன்.

தர்ஷினி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அன்னைக்கே நான் கேட்டேன் டீச்சர். எனக்கு 616 வருதுன்னு."

கேட்டாள்தான். எனக்கு அப்படியே நினைவு வந்தது. தாள் கட்டைத் திருத்திக்கொண்டே தலையைக்கூடத் தூக்காமல், "ஸ்கேமாவ விட நீ பெரிய ஆளா? அதுல இருக்கறத எழுது லா!" என்று கத்தியிருந்தேன். வகுப்பே சிரித்தது. அவள் ரப்பரை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஸ்கேமாவை மனப்பாடம் செய்தாள், தொண்ணூறு வாங்கினாள். நானும் பிள்ளை தேறிவிட்டாள் என்று பெருமைப்பட்டேன்.

அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள். அழிக்கச் சொன்னது நான். அதை அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது. சரோஜா அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னார். மானம் போனது அந்த 'சரி'யில்தான்.

4. பேப்பர் மட்டும்

கணிதத்தைத் திரும்ப எழுத வழி இருந்தது. "தினமும் வாம்மா, நான் தனியா சொல்லித்தரேன்" என்றேன் தர்ஷினியிடம்.

"வேணாம் டீச்சர். பேப்பர் மட்டும் குடுங்க. ஸ்கேமா வேணாம்."

கொடுத்தேன். அவள் எப்படிப் படித்தாள் என்று சரோஜா அக்கா பிறகு சொன்னார். பார்க்காத தாளைக் கடிகாரம் வைத்து உட்கார்ந்து செய்வாளாம். விடை வந்ததும் வேறு வழியில் ஒருமுறை போட்டு ஒத்துப்பார்ப்பாளாம். தப்பானதை மட்டும் ஒரு நோட்டில், ஏன் தப்பானது என்று ஒரு வரியோடு எழுதுவாளாம். இரண்டு வாரம் கழித்து அதே கணக்கை எண்களை மாற்றிப் போடுவாளாம். முப்பது இல்லை, எட்டு செட்தான். B வாங்கினாள். ஒரு வருடம் பிந்தினாலும் நர்சிங்கில் இடம் கிடைத்தது.

அந்த B-யில் என் பங்கு ஜெராக்ஸ் மட்டும்தான். அதன்பின் சென்டரை மூடும்வரை நான் ஸ்கேமாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. முதல் முறை வாங்கிய மதிப்பெண்ணையே குரூப்பில் போட்டேன். சில பெற்றோர் வேறு சென்டருக்குப் போனார்கள். போகட்டும்.

போன மாதம் அரசாங்கக் கிளினிக்கில் என் பிரஷர் பார்க்க வந்த பயிற்சி நர்ஸ் தர்ஷினி. என் கையில் பட்டையைச் சுற்றினாள். மிஷினில் 170 என்று வந்தது. ரொம்ப அதிகம்.

"எழுதிக்கோம்மா, வயசாச்சுல்ல," என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இருங்க டீச்சர். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. மிஷின் சொன்னத அப்படியே எழுதிட முடியாது, இன்னொரு தடவ பாக்கணும்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, தன் வேலையைத்தான் செய்தாள். ஐந்து நிமிடமும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.