இனாயத் பாயின் ஐந்து உறுப்பினர்கள்

"ஆளே இல்லாத எடத்துக்கு மொத ஆளு எதுக்குமா வருவான்?"

ஒரு ஜீன்ஸின் காலை மடித்து ஊசி குத்திக்கொண்டே இனாயத் பாய் கேட்டார். அவருக்காக நான் செய்து கொடுத்த இணையதளம் திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. மீன் வளர்ப்பவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். உறுப்பினர்கள் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய தையல் மெஷின், ஒரு ஸ்டூல், கழுத்து ஒடிந்த டேபிள் ஃபேன். பெரிய கடைகளில் பேண்ட் வாங்குகிறவர்கள் நேராக அவரிடம் வந்து உயரம் குறைத்துக்கொண்டு போவார்கள். பக்கத்தில் எங்கள் அம்மாவின் வளையல் கடை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு எதில் சேருவது என்று தெரியாமல் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். காலையில் பார்த்தாலும் நாள் முழுக்க வேலை செய்தவர் போன்ற முகம். யார் எது கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு, "வெச்சிட்டுப் போ, ஆவும்." அவர் தலைக்கு மேலே பலகையில் ஜாம் பாட்டில்களில் ஃபைட்டர் மீன்கள். பாட்டிலுக்குப் பாட்டில் நடுவே புதுச் சட்டைக்குள் வரும் அட்டையைச் சொருகியிருப்பார். ஒன்றை ஒன்று பார்த்தால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். "நாள் பூரா மொறச்சிக்கினே இருந்தா மீனுக்கும் அசதிதானே." வரும் வழியில் பாதாம் மரத்தடியில் உதிர்ந்த சருகுகளைப் பொறுக்கி வந்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துண்டு போடுவார். மீனுக்கு நல்லதாம்.

இணையதளம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஒருமுறை அவருடைய மீன்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்தது. மீன் கடையில் கேட்டார். "செத்தா இன்னா பாய், வேற வாங்கிக்க" என்றார்கள். போனில் தேடினால் எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்லமா" என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

யாரும் வராததால் அவரே ஆட்களை உண்டாக்கினார். திருவான்மியூர் காவேரி, புதிதாக மீன் வாங்கியவள், ஓயாமல் சந்தேகம் கேட்பாள். மைலாப்பூர் ராகவேந்திரன் மாமா பொறுமையாகப் பதில் சொல்வார். சிந்தாதிரிப்பேட்டை சூர்யாவுக்கு யாரையும் பிடிக்காது. மற்ற இருவரும் காலை வணக்கம் மட்டும் போடுவார்கள். ராகவேந்திரன் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் சூர்யா வந்து திருத்துவான்: "மாமா, அவ்ளோ உப்பு போட்டா மீனு கருவாடாயிடும்." இரண்டு தையலுக்கு நடுவில் பாய் இதையெல்லாம் எழுதுவார்.

மைலாப்பூர் பேச்சு எப்படி வருகிறது என்று கேட்டேன். "முப்பது வருசமா மாமிங்க பொடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். காதுல வுழாதா?"

"உங்க பேர்ல எழுதலாமே பாய்?"

"பேண்ட் வெட்றவன் சொல்றத எவன் கேப்பான்? மாமா சொன்னா கேப்பாங்க."

மத்தியானச் சாப்பாட்டோடு வரும் அவர் மனைவி கமர் ஜஹானுக்கு இது பொறுக்கவில்லை. "அஞ்சு பேரா பேசிக்கினு கீறாரு. எங்கிட்ட 'சோறு போடு'ன்றதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. நானும் அதுல சேந்துடவா?"

"நீ சேந்தா சண்ட வரும்."

"வரட்டுமே. வேடிக்க பாக்கவாச்சும் நாலு பேரு வருவாங்க."

மழைக்கால ஆரம்பத்தில் நிஜமாகவே ஒருவர் வந்தார். பெயர் கங்காதரன், அவரும் மைலாப்பூர்தான். "பிள்ளை வெளியூருக்குப் போறச்சே விட்டுட்டுப் போன தொட்டி. மூணு மீன் போயிடுத்து. எனக்கு ஒண்ணும் தெரியாது. யாராவது இருக்கேளா?" என்று எழுதியிருந்தார்.

பாய் மெஷினை நிறுத்திவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு ராகவேந்திரனாகப் பதில் எழுதினார். "குழாய் ஜலத்தை அப்படியே விடாதீங்கோ. ஒரு நாள் பிடிச்சு வெச்சுண்டு அப்பறமா விடுங்கோ." அதற்குப் பிறகு மீன் எதுவும் சாகவில்லை. கங்காதரனும் போகவில்லை. தினமும் ராகவேந்திரனோடு பேசினார். தொட்டியில் தொடங்கி முட்டி வலி, கபாலி கோயில் கூட்டம் என்று பேச்சு நீண்டது. காவேரியின் சந்தேகத்துக்கு அவரே பக்கம் பக்கமாகப் பதில் எழுதவும் ஆரம்பித்தார்.

பாய் அதற்குப் பிறகுதான் இன்னும் களைத்துப்போனார். "நிஜத்த சொன்னா போயிடுவாரு. கீறதே அவரு ஒருத்தருதான். சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வரல" என்பார். சொல்லிவிடுங்கள் என்றேன். "நாளைக்கி" என்பார்.

ஒரு நாள் கங்காதரன் எழுதினார். "கப்பி மீன் குட்டி போட்டு வளர்ந்துடுத்து. முதல் ஜோடி உங்களுக்குத்தான், ராகவேந்திரன். உங்காத்து விலாசம் சொல்லுங்கோ." பாய் தவித்துப்போய், தி.நகரில் இனாயத் பாய் கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டார். யார் மூலமாவது கொடுத்தனுப்புவார் என்று நினைத்திருக்கிறார்.

கங்காதரனே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவர், உள்ளே தண்ணீரில் இரண்டு சின்ன மீன்கள்.

"இனாயத் பாய் நீங்கதானே? ராகவேந்திரன் வரட்டும், நானே என் கையால குடுத்துடறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கவரை மடியில் வைக்கவில்லை. சூடு ஏறாமல் தூக்கியே பிடித்திருந்தார். ஒரு ஆள் வந்து பேண்ட் வாங்கிக்கொண்டு போனான். இன்னொருவன் வந்தான். பாய் ஒரே தையலைப் பிரித்துப் பிரித்து அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வருவார்?"

"வருவாரு சார்."

கொஞ்ச நேரம் போனது. பாய் மெஷினை நிறுத்தினார். "சார், வந்துட்டாரு."

கங்காதரன் சட்டென்று எழுந்து சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. "எங்கே?"

"நான்தான் சார் அது."

அவருக்குப் புரிய நேரமானது. மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப சூர்யா?"

"அதுவும்தான்."

"என்னை 'பெருசு, சும்மா கெட'ன்னானே!"

"எல்லாரும் மரியாதியா பேசினா நம்ப மாட்டாங்கன்னு…"

"காவேரி?"

பாய் தலையை ஆட்டினார்.

"அந்தக் கொழந்தைக்கு எவ்வளவு எழுதினேன்" என்றார் கங்காதரன். எழுந்து, கவரை மெஷின் மேல் வைத்தார். "தண்ணி சூடாறது. மாத்திடுங்கோ." கூட்டத்தில் வேட்டி மறையும் வரை பாய் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இரண்டு மீன்களுக்காக ஒரு பாட்டிலைக் காலி செய்தார்.

அன்று சாயங்காலம் ஐந்து பேரையும் அழிக்கச் சொன்னார். நான்கு பேரை நான் அழித்தேன். ராகவேந்திரனை அவரே அழித்தார். தளத்தில் கங்காதரன் மட்டும் மிஞ்சினார்.

"இப்ப எம் பேர போடு" என்றார்.

முதல் பதிவை எழுத மறுநாள் முழுவதும் பிடித்தது. எழுதுவார், அழிப்பார், ஒரு பேண்ட்டை முடிப்பார், மறுபடி எழுதுவார். கடைசியில் தளத்தில் ஏறியது இதுதான்: "நான் இனாயத். டி.நகர்ல ஆல்டர் கடை. உங்க மீனு ரெண்டும் நல்லா கீது. பொட்ட மீனுக்கு வயிறு பெருசாயினு வருது. தனியா வெக்கணுமா?"

அவருக்கு அது தெரியும். இருந்தாலும் கேட்டிருந்தார்.

இதுவரை பதில் வரவில்லை. கங்காதரன் தன் பெயரை எடுத்துவிடவும் இல்லை. பாயின் போன் இப்போது மெஷின் மேலேயே கிடக்கிறது. அது வெளிச்சம் காட்டும் போதெல்லாம், ஓடுகிற சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்கிறார். பெரும்பாலும் கமர் ஜஹான்தான், தயிர் வாங்கி வரச் சொல்லி. கையை எடுக்கிறார். சக்கரம் மறுபடி சுற்றுகிறது.

மீன் வளர்க்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர் மைலாப்பூரில் இருக்கும் வயதானவர் என்றால், தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.