ஆற்றங்கரையில் ஊதாத சங்கு

ரீபா பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். ஆற்றோரப் பாலத் தூண்களில் கம்பெனி மாட்டியிருக்கும் பெட்டிக்குள் ஓடுவது அவள் எழுதியதுதான். ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் அளவுக்கு மீறி ஏறினால் பெட்டி சங்கு ஊதும். கரையில் இருப்பவர்கள் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே பாலத்தை ஒட்டி ஆற்றங்கரையில் வாழை போட்டிருந்த அவள் அப்பா நேசையாவுக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "என் மவ ஆத்துக்கே காவலு வச்சிருக்கா" என்று டீக்கடையில் சொல்லிக் கேட்டவன் வாயை அடைத்துவிடுவார்.

பெட்டி வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் நடந்தது விளங்காது. சில நிமிடத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் அளவுகளை எடுத்துப் பெட்டி வரிசையாக வைத்திருக்கும். புது அளவு வந்தால் பழையதெல்லாம் ஒரு இடம் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். புதியதற்கும் கடைசியில் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய அளவுக்கும் வித்தியாசம் பெரிதானால் சங்கு. இப்படித் தள்ளுவதைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் முதல் அளவு இரண்டாவதன் மேல் விழுந்து அதை அழிக்கும், பிறகு மூன்றாவதன் மேலும் அதுவே விழும், கடைசிவரை ஒரே அளவுதான் நிற்கும். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் மெம்மூவ் என்று எழுத வேண்டும். அது பார்த்துத் தள்ளும். ரீபா, எதையும் பார்க்காமல் நகர்த்தும் மெம்காப்பி என்று எழுதியிருந்தாள். பழைய சிப்பில் அது தற்செயலாகக் கடைசியிலிருந்தே நகர்த்தியதால் குறை தெரியவில்லை. இந்த வருடம் கம்பெனி மலிவான சிப்புக்கு மாறியது. அது முன்னாலிருந்து நகர்த்தியது.

சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தாள். வாளித் தண்ணீரில் பெட்டியின் அளவெடுக்கும் மிதவையைப் போட்டுக் கையால் வெடுக்கென்று தூக்கினாள். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் ஒரே தூக்கில் ஏறியதால் சங்கு ஊதிவிட்டது. ஆறு அப்படி ஏறாது. பைய ஏறும், நிற்காமல் ஏறும்.

கார்த்திகை மழை விடாமல் பிடித்த ஒரு பகல். ஆபீஸ் திரையில் ஸ்ரீவைகுண்டத்துப் பெட்டியின் வரிசையைப் பார்த்தாள் ரீபா. முதல் அளவைத் தவிர மற்றதெல்லாம் ஒரே எண். ஏறுகிற ஆற்றில் அப்படி நிற்குமா? அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, எங்க நிக்கிய?"

"தோட்டத்துலதான். குலை தள்ளுன வாழை சாயுது, முட்டு குடுத்துட்டு இருக்கேன்."

"அதைப் போட்டுட்டு மேட்டுக்குப் போங்க. ஆறு ஏறுது."

"ஏட்டி, ஏறுனா உன் பெட்டி ஊதாதா? இந்தா, கண்ணுக்கு முன்னால தொங்குது. சத்தத்தையே காணோம்."

"பெட்டி தப்புப்பா. நான் தப்பா எழுதிட்டேன்."

அவர் சிரித்தார். "நீயா? ஒண்ணாங் கிளாஸ்லருந்து ஒரு கணக்கு தப்பாப் போட்டிருக்கியாட்டி? அப்பனை வெரட்டணும்னு பொய் சொல்லுத. அது ஊதட்டும், ஓடியாரேன்."

"அப்பா, நான் சொல்லுதேன்லா..."

"வைட்டி, கை ஈரமா இருக்கு."

மறுபடி அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை.

தண்ணீர் வடிந்தபின் சாய்ந்த வாழைகளுக்கு நடுவில் அவரைக் கண்டெடுத்தார்கள். விதி என்றது ஊர். கர்த்தருடைய சித்தம் என்றார் உபதேசியார். சொல்லட்டும். மகள் மேல் வைத்த நம்பிக்கைதான் அந்த மனிதரை அங்கே நிறுத்தியது. அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. அம்மா சாலோமி மகளுக்குச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், தவற்றை அவள் வாயாலேயே கேட்டிருந்த மேலாளர் அருமைநாயகம் போனில் வந்தார். "லீவு எடுத்துக்கம்மா. மத்த பெட்டியளைப் பொறவு பாப்போம். இப்ப மாத்துனா, ஏன் மாத்துனியன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஏரல் பாலத்து ஓரத் தூணில் சாய்ந்து தூறலில் அவள் அங்கிருந்த பெட்டியின் அந்த ஒரு சொல்லை மாற்றும்போது, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த உமர் பாரூக் வந்து குடை பிடித்தார்.

"ஏம்மா, ஸ்ரீவைகுண்டத்துல ஊதாமப் போன பெட்டி இதானா?"

"இதே மாதிரிதான் மாமா."

"யாரோ வாழைக்காரராம்லா. இதை நம்பி நின்னாராம், பாவம்."

"எங்க அப்பா."

குடையை அவள் பக்கம் இன்னும் சரித்தார். பிறகு, "இனி ஊதுமா?" என்றார்.

சரியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். லேப்டாப்பை மூடினாள்.

"தண்ணி ஏறுனா ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிருங்க மாமா. ஊதட்டும்னு நிக்காதிய."

அவர் ஆற்றை ஒரு பார்வை பார்த்தார். குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, தூறலில் நனைந்தபடியே ஆடுகளை மேட்டுக்கு ஓட்டத் தொடங்கினார்.